ஸ்போர்ட்ஸ் கார்களில் கூடுதல் மானிகள்: ஒரு வரலாறு

காரைத் தயாரித்த நிறுவனம் பொருத்தித் தரும் மீட்டர்கள் போதாமல், உரிமையாளர் வெளியில் வாங்கித் தன் காரில் பொருத்திக்கொள்ளும் அளவுக் கருவிகள் கூடுதல் மானிகள் எனப்படும். ஆயில் அழுத்தம், நீரின் வெப்பநிலை, ஆயிலின் வெப்பநிலை, பேட்டரி மின்னழுத்தம், டர்போ அழுத்தம், காற்று–எரிபொருள் விகிதம் ஆகியவற்றைக் காட்டும் மானிகள் இவற்றுள் முதன்மையானவை. ஸ்போர்ட்ஸ் கார்களில் இவை அழகுக்காகப் பொருத்தப்படுவதாகப் பலர் நினைக்கின்றனர். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் இவற்றின் நூற்றாண்டு கால வரலாற்றைப் பார்த்தால், வேறொரு கேள்வி தொடர்ந்து வருவதைக் காணலாம். எஞ்சினுக்குள் நடப்பதை ஓட்டுநருக்கு எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது என்பதே அக்கேள்வி.

அடிப்படைக் கண்டுபிடிப்புகள்

கார் பிறப்பதற்கு முன்பே மானிகள் பிறந்துவிட்டன. நீராவிக் கொதிகலன்கள் வெடித்து உயிர்கள் போன காலத்தில், கொதிகலனுக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியிலிருந்து அறிய நம்பகமான கருவி தேவைப்பட்டது. பிரான்சைச் சேர்ந்த யூஜின் போர்டன் நசுங்கிப்போன ஒரு சுருள் குழாயைச் சரிசெய்ய அதற்குள் நீரை அழுத்திச் செலுத்தினார். நசுங்கல் நிமிர்ந்தபோது சுருளும் விரிவதைக் கவனித்தார். அதன் அடிப்படையில் 1849-இல் அவர் காப்புரிமை பெற்ற அழுத்தமானியில், வளைந்த தட்டையான குழாய் ஒன்று இருக்கும். அழுத்தம் ஏறும்போது குழாய் சற்றே நிமிரும். அந்தச் சிறு அசைவைப் பற்சக்கரம் பெரிதாக்கி முள்ளைச் சுழற்றும். இதற்கு மின்சாரம் தேவையில்லை. இன்றும் கடைகளில் கிடைக்கும் இயந்திர வகை ஆயில் அழுத்தமானியின் உள்ளே இருப்பது இதே போர்டன் குழாய்தான்.

வேகமானியின் வரலாற்றில் குறிப்பிடத்தக்கவர் ஜெர்மனியின் ஓட்டோ ஷுல்சே. அவர் 1902-இல் காப்புரிமை பெற்ற கருவியில், சக்கரத்தோடு இணைந்த வடம் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அக்காந்தம் தன்னைத் தொடாமல் கவிந்திருக்கும் உலோகக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி, அதைத் தன்னோடு இழுக்கும். மெல்லிய சுருள்வில் ஒன்று கிண்ணத்தைத் தடுத்துப் பிடிக்கும். இழுப்பும் தடுப்பும் சமனாகும் இடத்தில் முள் நிற்கும். பத்தாம் வகுப்பில் மின்காந்தத் தூண்டலைப் படிக்கும் மாணவர்கள், அப்பாடம் பல தலைமுறைக் கார்களிலும் இருசக்கர வாகனங்களிலும் முள்ளாக நகர்ந்ததை நினைவில் கொள்ளலாம்.

ரேடியேட்டர் மூடியில் ஒரு வெப்பமானி

தொடக்க காலக் கார்களில் மானிகள் மிகக் குறைவு. ஃபோர்டு மாடல் டி காரில் நீரின் வெப்பநிலையைக் காட்டும் கருவி இல்லை. ரேடியேட்டரிலிருந்து ஆவி கிளம்பும்போதுதான் எஞ்சின் சூடேறியது ஓட்டுநருக்குத் தெரியும். அதற்குள் காலம் கடந்திருக்கும்.

இந்தக் குறையை வணிகமாக்கியவர் அமெரிக்காவின் ஹாரிசன் பாய்ஸ். 1912-இல் அவர் காப்புரிமை பெற்ற 'மோட்டோமீட்டர்' ரேடியேட்டர் மூடியின் மேல் பொருத்தும் ஒரு வெப்பமானியாகும். ஓட்டுநர் தன் இருக்கையிலிருந்தே, கண்ணாடி வழியே அதன் சிவப்புத் திரவத்தின் உயரத்தைப் பார்க்கலாம். ரேடியேட்டரின் மேற்பகுதியில் தேங்கும் ஆவியின் வெப்பத்தையே அது அளந்தது. நீர்மட்டம் குறைந்தாலும் எச்சரிக்கை கிடைக்கும் என்பது அதன் சிறப்பு. 1910-களிலும் 1920-களிலும் பெரும்புகழ் பெற்ற இக்கருவியை, கூடுதல் மானிகளின் முன்னோடி எனலாம். ரேடியேட்டர் மூடி பானெட்டுக்குள் மறைந்ததும், வெப்பமானி டேஷ்போர்டுக்கு இடம்பெயர்ந்ததும் அதன் காலத்தை முடித்துவைத்தன.

இதே காலத்தில்தான் மானிகளுக்கெனத் தனித் தொழிற்சாலைகள் வளர்ந்தன. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1912-இல் இரு நிறுவனங்கள் இணைந்து ஸ்டூவர்ட்–வார்னர் உருவானது. பிரிட்டனில் கடிகாரத் தொழிலிலிருந்து வந்த ஸ்மித்ஸ், பாரிசில் தோன்றிய ஜேகர், ஜெர்மனியில் 1929 இணைப்பில் பிறந்த விடிஓ, இத்தாலியின் வெக்லியா ஆகியவை ஐரோப்பியக் கார்களின் டேஷ்போர்டுகளை நிரப்பின. கடிகாரம் செய்தவர்களே மானிகளும் செய்ததால், பழைய ஸ்போர்ட்ஸ் கார் மானிகளின் எழுத்துகளிலும் முட்களிலும் கடிகார முகத்தின் சாயலைக் காணலாம்.

முள்ளா, விளக்கா?

1930-களில் அமெரிக்காவின் ஹட்சன் நிறுவனம் ஆயில் அழுத்தத்துக்கும் மின்னேற்றத்துக்கும் முள்ளுக்குப் பதிலாகச் சிவப்பு எச்சரிக்கை விளக்குகளை வைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிற நிறுவனங்களும் அவ்வழியில் சென்றன. விளக்கு மலிவானது. மானியைப் படிக்கத் தெரியாதவருக்கும் சிவப்பு நிறம் புரியும். முள்ளைக் கவனிக்காமல் விட்டுவிடும் ஓட்டுநர்கூட விளக்கு எரிந்தால் கவனிப்பார். இவை நியாயமான காரணங்களே.

எனினும் விளக்குக்கு இரண்டு நிலைகள் மட்டுமே உண்டு. ஆயில் அழுத்தம் வழக்கமாக 50 பிஎஸ்ஐ இருக்கும் எஞ்சினில் அது 25-க்கு இறங்கினாலும் விளக்கு எரியாது. பொதுவாக 10 பிஎஸ்ஐ-க்கும் கீழே இறங்கிய பிறகே எரியும். கிராங்க்ஷாஃப்ட் பேரிங்குகள் அழுத்தத்தோடு வரும் ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடிதான் சுழல்கின்றன. அதிவேகத்தில் அந்தப் படலம் அறுந்தால் சில நொடிகளில் பேரிங் கெட்டுவிடும். அந்நிலையில் விளக்கு சொல்வது எச்சரிக்கை அன்று, நடந்துவிட்ட ஒன்றின் அறிவிப்பு. 'முட்டாள் விளக்கு' என்று அமெரிக்க ஓட்டுநர்கள் அதற்குக் கேலிப் பெயர் சூட்டியது இதனால்தான்.

உலர் ஏரிகளும் எம்ஜி கார்களும்

கலிஃபோர்னியாவின் மியூராக், எல் மிராஜ் போன்ற உலர்ந்த ஏரிப்படுகைகளில் 1930-களிலிருந்தே இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை மாற்றியமைத்து வேகப் போட்டிகள் நடத்தினர். எஞ்சினைத் தாமே மாற்றியமைத்தவர்களுக்கு, அது தாங்குகிறதா என்று அறியும் தேவை மற்றவர்களைவிட அதிகம். ஸ்டூவர்ட்–வார்னர் மானிகளும், போருக்குப் பின் மலிவாகக் கிடைத்த விமான மானிகளும் அவர்களுடைய டேஷ்போர்டுகளில் இடம்பிடித்தன.

மறுபுறம், பிரிட்டனில் பணியாற்றிய அமெரிக்கப் படைவீரர்கள் அங்கிருந்த சிறிய எம்ஜி ஸ்போர்ட்ஸ் கார்களைக் கண்டு விரும்பினர். 1945 முதல் 1949 வரை தயாரான எம்ஜி டிசி காரில் ஒரு வேடிக்கை உண்டு. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்று காட்டும் சுழற்சிமானி ஓட்டுநரின் நேரெதிரே இருக்கும். வேகமானியோ அருகில் அமர்ந்திருப்பவரின் எதிரே இருக்கும். ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுபவருக்கு வேகத்தைவிட எஞ்சினின் நிலை முக்கியம் என்ற எண்ணத்தை இவ்வமைப்பே காட்டிவிடுகிறது. ஆனால் அதே காரில் நீரின் வெப்பமானி கிடையாது. எனவே பலர் அதை வாங்கிப் பொருத்தினர். பாய்ஸின் பழைய யோசனைப்படி ரேடியேட்டர் மூடியிலேயே வெப்பமானியைப் பொருத்தியவர்களும் இருந்தனர்.

சுழற்சிமானியின் எழுச்சி

1953-இல் வந்த செவர்லே கோர்வெட்டில் சுழற்சிமானி டேஷ்போர்டின் நடுவில், ஓட்டுநரின் பார்வையிலிருந்து விலகியிருந்தது. கியர் மாற்றும் கணத்தில் தலையைத் திருப்பிப் பார்ப்பது பயன்படாது. இத்தகைய குறைகளே தனிச் சுழற்சிமானிச் சந்தையை வளர்த்தன. 1957-இல் இலினாய் மாநிலத்தில் தொடங்கப்பட்ட ஆட்டோ மீட்டர் இத்துறையில் பெயர் பெற்ற நிறுவனமாகும். ஸ்டியரிங் தண்டின் மேல் பட்டையால் கட்டிய பெரிய சுழற்சிமானி 1960-களின் அமெரிக்கப் பந்தயக் கார்களின் அடையாளமாயிற்று.

மின்வகைச் சுழற்சிமானி ஸ்பார்க் பிளக்குகளுக்குச் செல்லும் மின்துடிப்புகளை எண்ணுகிறது. நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை எரியும். எனவே நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுழற்சிக்கு இரண்டு துடிப்புகள் கிடைக்கும். நிமிடத்துக்கு 3,000 சுழற்சி என்றால் 6,000 துடிப்புகள், அதாவது நொடிக்கு 100. எட்டு சிலிண்டர் எஞ்சினில் இதே வேகத்துக்கு நொடிக்கு 200 துடிப்புகள் வரும். கடையில் வாங்கும் சுழற்சிமானியின் பின்புறம் 4, 6, 8 என்று தெரிவு செய்யும் சுவிட்சு இருப்பது இதற்காகவே. நான்கு சிலிண்டர் காரில் அதை 8-இல் வைத்துவிட்டால், முள் உண்மையான வேகத்தில் பாதியைத்தான் காட்டும்.

டர்போ தந்த புதிய மானிகள்

1973-இல் வந்த பிஎம்டபிள்யூ 2002 டர்போ காரில் டர்போ அழுத்தமானி தனிக் கூட்டில் இடம்பெற்றது. டர்போ எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிறது. அளவுக்கு மேல் திணித்தால் எரிபொருள் தானே வெடித்து பிஸ்டனைச் சிதைக்கும். 1980-களிலும் 1990-களிலும் ஜப்பானிய டர்போ கார்கள் பெருகியபோது, டர்போ அழுத்தமானியே பலர் முதலில் வாங்கும் மானியாயிற்று.

அதோடு காற்று–எரிபொருள் விகிதமானியும் வந்தது. பெட்ரோல் முழுமையாக எரிய எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று தேவை. 1976-இல் பாஷ் நிறுவனத்தின் லாம்டா சென்சார் வோல்வோ கார்களில் அறிமுகமானது. அவ்வகைச் சென்சார் இந்த 14.7 என்ற புள்ளிக்கு மேலா கீழா என்பதை மட்டுமே துல்லியமாகச் சொல்லும். டர்போ எஞ்சினுக்கு முழுப் பளுவில் பெட்ரோல் கூடுதலாகத் தேவை, எவ்வளவு கூடுதல் என்பதும் தெரிய வேண்டும். பின்னர் வந்த அகலவீச்சுச் சென்சார்களே அந்த எண்ணைத் தந்தன.

அசையாத முள்

இவ்வரலாற்றில் மாணவர்கள் நின்று சிந்திக்க வேண்டிய நிகழ்வு ஒன்று உண்டு. 1989-இல் ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் எம்எக்ஸ்-5 என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டது. பழைய பிரிட்டிஷ் கார்களின் வழியில் அமைந்த அதன் டேஷ்போர்டில் உண்மையான ஆயில் அழுத்தமானி இருந்தது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது முள் ஏறி நிற்கும். ஆயில் சூடாகி, வண்டி சிக்னலில் நிற்கும்போது இறங்கும். இது இயல்பானது. ஆனால் முள் இறங்குவதைக் கண்டு அஞ்சிய உரிமையாளர்கள் பட்டறைகளுக்குப் படையெடுத்தனர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம்.

1995 மாடலிலிருந்து அந்த மானியின் உட்பொருள் மாறியது. வெளித்தோற்றம் மாறவில்லை. அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்குப் பதில் ஒரு சுவிட்சு வைக்கப்பட்டது. குறைந்தபட்ச அழுத்தம் இருந்தால் முள் நடுவில் வந்து நின்றுவிடும், பிறகு அசையாது. எச்சரிக்கை விளக்கு முள்ளின் வேடம் போட்டுக்கொண்டது என்று இதைச் சொல்லலாம். விளக்கு தன்னை விளக்கு என்றே காட்டிக்கொள்கிறது. இந்த முள்ளோ தான் அளக்காத ஒன்றை அளப்பதாகக் காட்டுகிறது.

மாஸ்டா மட்டும் இவ்வாறு செய்யவில்லை. இன்று பல நிறுவனங்களின் கார்களில் நீரின் வெப்பநிலை முள் 20 டிகிரிக்கும் அதிகமான வரம்பில் நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி அமைக்கப்பட்டுள்ளது. நகரத்தில் அலுவலகம் சென்று வருபவருக்கு இது மன அமைதி தரலாம். பந்தயத் தடத்தில் காரை ஓட்டுபவருக்கு, வெப்பம் சிறிது சிறிதாக ஏறும் அந்த 20 டிகிரிதான் தேவையான செய்தி. எம்எக்ஸ்-5 உரிமையாளர்களில் பலர் பழைய மாடலின் மானியையும் சென்சாரையும் தேடி வாங்கிப் பொருத்தினர். வேறு சிலர் தனி மானிகளைச் சேர்த்தனர்.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலில் எதை அறிய வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். டர்போ இல்லாத காருக்கு ஆயில் அழுத்தம், நீரின் வெப்பநிலை, ஆயிலின் வெப்பநிலை ஆகிய மூன்றும் முதன்மையானவை. டர்போ காருக்கு டர்போ அழுத்தமும் காற்று–எரிபொருள் விகிதமும் சேரும்.

அடுத்து, இயந்திர வகையா மின்வகையா என்பது. இயந்திர வகை ஆயில் அழுத்தமானி எளிமையானது. ஆனால் சூடான ஆயில் மெல்லிய குழாய் வழியே ஓட்டுநரின் கால்மாட்டுக்கே வருகிறது. குழாய் அறுந்தால் ஆபத்து. பெட்ரோல் அழுத்தத்தைக் காட்டும் இயந்திர மானியை நேரடியாகக் காருக்குள் பொருத்தவே கூடாது. மின்வகையில் சென்சார் எஞ்சினிலேயே நின்றுவிடும், கம்பி மட்டுமே உள்ளே வரும்.

மின்வகையில் மானியும் சென்சாரும் ஒரே இணையாக இருக்க வேண்டும். விடிஓ அழுத்தச் சென்சார்கள் பொதுவாக 10 முதல் 180 ஓம் வரை மாறுபவை. அமெரிக்க வகைச் சென்சார்கள் 240 ஓமில் தொடங்கி 33 ஓமில் முடிபவை. ஒன்றின் சென்சாரை மற்றொன்றின் மானியோடு இணைத்தால் முள் நகரும், ஆனால் சொல்வது பொய்யாக இருக்கும்.

அளவிலும் கவனம் தேவை. 52 மி.மீ. விட்டமுள்ள மானி மிகப் பரவலானது. ஜப்பானியத் தயாரிப்புகளில் 60 மி.மீ. மானியும் உண்டு. அலகுகளையும் பார்க்க வேண்டும். 1 பார் என்பது ஏறத்தாழ 14.5 பிஎஸ்ஐ.

பழைய கார்களில் இருந்த மின்னோட்டமானிக்குப் பதில் இன்று மின்னழுத்தமானியே பரிந்துரைக்கப்படுகிறது. மின்னோட்டமானி வழியே காரின் மின்னோட்டம் பெரும்பாலும் முழுவதுமாகச் செல்ல வேண்டும். அதன் இணைப்பு தளர்ந்தால் சூடேறித் தீப்பிடிக்க வாய்ப்புண்டு. மின்னழுத்தமானியோ பக்க இணைப்பில் மிகச் சிறிதளவு மின்சாரத்தையே எடுக்கும். எஞ்சின் ஓடும்போது அது 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் மின்னேற்றம் சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம்.

பொருத்தும் முறை

வேலை தொடங்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். சென்சார் பொருத்தும் துளையின் மரை இங்கே முக்கியம். ஜப்பானிய கார்களில் ஆயில் அழுத்தத் துளை பெரும்பாலும் பிரிட்டிஷ் மரபிலான கூம்பு மரை கொண்டது. அமெரிக்க மானிகளின் சென்சார்கள் அமெரிக்கக் கூம்பு மரை கொண்டவை. 1/8 அங்குல அளவில் முன்னதற்கு அங்குலத்துக்கு 28 மரைகள், பின்னதற்கு 27. மரையின் கோணம் முன்னதில் 55 டிகிரி, பின்னதில் 60 டிகிரி. கையில் பிடித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டு மூன்று சுற்று ஏறவும் செய்யும். அதற்கு மேல் வலிந்து முறுக்கினால் எஞ்சின் பிளாக்கின் மரை கெட்டு ஆயில் கசியும். இரண்டையும் இணைக்கும் மாற்றி கடைகளில் கிடைக்கிறது.

எடை மிகுந்த சென்சாரை நீண்ட பித்தளை இணைப்பின் நுனியில் தொங்கவிடக் கூடாது. எஞ்சின் அதிர்வில் பித்தளை நாளடைவில் முறியும். முறிந்தால் ஆயில் முழுவதும் வெளியேறும். எஞ்சினைக் காக்க வந்த மானியே அதை அழித்துவிடும். சென்சாரைக் காரின் உடற்பகுதியில் பொருத்தி, வளையும் குழாயால் எஞ்சினோடு இணைப்பது பாதுகாப்பானது. ஒற்றைக் கம்பிச் சென்சார்கள் தம் உடல் வழியே எர்த் பெறுபவை. இவ்வாறு தள்ளிப் பொருத்தும்போது உடலுக்குத் தனி எர்த் கம்பி கொடுக்க வேண்டும்.

கம்பிகள் எஞ்சின் பகுதியிலிருந்து உள்ளே வரும் துளையில் ரப்பர் வளையம் அவசியம். இல்லையெனில் தகட்டின் விளிம்பு உறையை அறுத்து ஷார்ட் ஆகும். சாவியைத் திருப்பினால் மட்டும் வரும் இணைப்பிலிருந்து, ஃபியூஸ் வழியாக மின்சாரம் எடுக்க வேண்டும். முன்கண்ணாடிக்குப் பக்கத்திலுள்ள தூணில் மானிக் கூடுகளைப் பொருத்துவது பரவலான வழக்கம். அத்தூணில் ஏர்பேக் உள்ள கார்களில் அவ்வாறு செய்யக் கூடாது.

பந்தயக் கார்களில் மானிகளைச் சற்றுத் திருப்பிப் பொருத்தும் பழைய பழக்கம் ஒன்று உண்டு. எல்லாம் இயல்பாக இருக்கும்போது எல்லா முட்களும் 12 மணி நோக்கி நிற்கும்படி வைப்பார்கள். ஓட்டுநர் எண்களைப் படிக்க வேண்டியதில்லை. ஒரு முள் மட்டும் சாய்ந்திருந்தால் கண் அதை உடனே பிடித்துவிடும்.

இன்றைய நிலை

1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்களில் ஓபிடி-2 எனும் பொது இணைப்பு கட்டாயமானது. அதில் செருகும் சிறு கருவியோ கைப்பேசிச் செயலியோ காரின் கணினியில் உள்ள எண்களை அப்படியே காட்டும். இதில் ஒரு வியப்பு என்னவென்றால், டேஷ்போர்டு முள் நடுவில் அசையாமல் நிற்கும் காரிலும், அதன் கணினிக்கு உண்மையான வெப்பநிலை தெரியும். ஓட்டுநருக்குச் சொல்வதில்லை, அவ்வளவுதான். எனினும் காரில் இல்லாத சென்சாரின் அளவை இக்கருவியாலும் தர முடியாது. ஆயில் அழுத்தச் சென்சார் இல்லாமல் சுவிட்சு மட்டும் உள்ள கார்களுக்கு இன்றும் தனி மானி பொருத்துவதே வழி.

1999-இல் நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34 காரின் டேஷ்போர்டு நடுவில் டர்போ அழுத்தம், ஆயில் வெப்பநிலை முதலியவற்றைக் காட்டும் திரையை நிறுவனமே வைத்துத் தந்தது. அதுவரை ஆர்வலர்கள் கடையில் வாங்கிப் பொருத்தியவற்றை உற்பத்தியாளரே ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. தமிழ்நாட்டிலும் இத்தொழிலுக்கு வேர் உண்டு. 1975-இல் கோயம்புத்தூரில் தொழில் தொடங்கிய பிரிக்கால் நிறுவனம் இந்திய வாகனங்களுக்கு டேஷ்போர்டு மானிகள் செய்து வருகிறது.

புதிதாக மானி பொருத்துபவர்கள் அதை உடனே நம்பிவிடாமல் சோதித்துப் பார்ப்பது நல்லது. வெப்பநிலைச் சென்சாரைப் பொருத்துமுன் அதன் உடலுக்கு எர்த் கொடுத்து, கொதிக்கும் நீரில் அமிழ்த்தினால் முள் 100 டிகிரிக்கு அருகே நிற்க வேண்டும். பொருத்திய பின், முதல் சில வாரங்கள் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதும், சூடான பிறகும், மேட்டில் ஏறும்போதும் முள் எங்கே நிற்கிறது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். ஒரு காரின் இயல்பு நிலை எது என்று தெரிந்தால்தான், பின்னொரு நாள் முள் இடம் மாறி நிற்பதன் பொருள் புரியும்.